பதினோராம் தாளுக்கும் பன்னிரண்டாம் தாளுக்கும் நடுவில்

அவருடைய ஓர் எட்டு எழுபத்திரண்டு சென்டிமீட்டர். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இடது முழங்கால் கெட்டுப்போன பிறகு அது அறுபத்தெட்டாகிவிட்டது. இது அவருக்கு மட்டும் தெரியும். கை கழுவக் குழாயடிக்குப் போனாலும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே போகிற மனிதர்.

பெயர் சக்கரம். வைத்த பெயர் வேறு. நீளமான பிடியும் கீழே ஒற்றைச் சக்கரமும், சுற்றுக்குச் சுற்று எண் மாறுகிற சின்னப் பெட்டியும் கொண்ட அளவுச் சக்கரத்தை முப்பத்தெட்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டு திரிந்ததில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஒருமுறை விடுப்புப் பதிவேட்டில் எழுத்தர் மறதியாகச் 'சக்கரம்' என்றே எழுதிவிட்டார். மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டார். யாரும் திருத்தவில்லை.

பத்தொன்பது வயதில், எல்லை குறிக்க அடிக்கும் முளைக்குச்சி சுமக்கிற ஆளாகத்தான் மாவட்டத் திட்ட அலுவலகத்தில் சேர்ந்தார். வரையப் பள்ளிக்கூடம் போனவரில்லை. கழித்துப் போட்ட வரைபடங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், மேலே மெல்லிய தாளை வைத்து, கோட்டின் மேலேயே கோடு போட்டுப் பழகினார். ஏரிக்கு ஏன் ஓரத்தில் மட்டும் நீலம் தீட்டுகிறார்கள், வரப்புக்கும் வாய்க்காலுக்கும் கோட்டின் தடிமன் ஏன் மாறுகிறது என்றெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று இவரும் கேட்கவில்லை. தப்பாகப் போட்டு, திட்டு வாங்கி, அழித்துப் போட்டே வந்த வித்தை. அதனால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. தான் நடந்து பார்க்காத இடத்தில் கோடு போட அவருக்குக் கை வராது.

கடைசிப் பதினோரு வருஷமாக அவர் தலையில் இருந்தது மாவட்ட நடைவழித் திட்டம். வடக்கே ஏரிக்கரையில் தொடங்கித் தெற்கே கைவிடப்பட்ட ரயில் நிலையம் வரைக்கும், பெரிய ரோட்டில் கால் வைக்காமல் ஒருவர் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சேர வேண்டும். புதிதாகப் பாதை போடும் வேலை குறைவு. இருக்கிற துண்டுகளை ஒட்டுவதுதான் வேலை. கால்வாய்க்கரை, தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் பாதை, மின்கம்பிகளுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் நிலம், பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் போகும் ஒற்றையடித் தடம் என்று ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்ததையெல்லாம் சேர்த்து, இரண்டு பக்கமும் மரம் வைத்து, ஒரே கோடாக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்குப் பெயரே 'ஒரே கோடு'. மொத்தம் இருபத்து மூன்று தாள். மூன்று அதிகாரிகள் வந்து போனார்கள். ஒருவர் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்றார். அடுத்தவர் வேண்டாம் என்றார். இப்போது இருக்கும் அதிகாரி அம்மா, "எது இருக்கோ அத முடிங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார். அதைக் கேட்ட அன்று சக்கரத்துக்கு அழுகை வராத குறை.

வெள்ளிக்கிழமை குழுக்கூட்டம். ஒப்புதல் கிடைத்தால் அடுத்த மாதமே மண்வெட்டி விழும். குழுவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. வழி எங்கும் அறுந்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் கடைசியாக ஒரு கூட்டல் போட்டார். யாரும் போடச் சொல்லவில்லை. கணினிப் பிரிவிலிருந்து வந்த சேர்ப்பு வரைபடத்தில் கோட்டின் நீளம் அறுபத்திரண்டு கிலோமீட்டர் நானூற்றுப் பத்து மீட்டர். களப்புத்தகங்களில், அதாவது நடந்து அளந்தவர்கள் அங்கேயே நின்று எழுதிய குறிப்பேடுகளில், எல்லாத் துண்டையும் கூட்டினால் அறுபத்திரண்டு கிலோமீட்டர் நாற்பது மீட்டர். முன்னூற்று எழுபது மீட்டர் உதைத்தது.

மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் அதே எண். ஜன்னல் பக்கத்து மேசையில் இருபத்து மூன்று தாள்களையும் வரிசையாக விரித்து, ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் அடுத்த தாளை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினோராம் தாளுக்கும் பன்னிரண்டாம் தாளுக்கும் நடுவில் கிடந்தது ஓட்டை. தாளில் இரண்டு விரல் அகலம். கணினி, அறுந்த இரண்டு முனையும் கிட்டத்தில் இருப்பதைப் பார்த்து, தானாகவே ஒரு நேர்கோட்டை இழுத்து ஒட்டிவிட்டிருந்தது.

எந்த இடம் என்று தாளைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். களப்புத்தகத்தைத் திறந்தார். பதினோராம் தாளின் கடைசி வரி அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது: 'மீதி 12-இல்.'

பன்னிரண்டாம் தாளை அளந்தது தொப்பிக்காரர். வெயிலோ நிழலோ தொப்பியைக் கழற்றாதவர், சக்கரத்தோடு ஒரே வருஷத்தில் சேர்ந்தவர். அவருடைய புத்தகத்தின் முதல் வரியைத் தேடி எடுத்தார். 'மீதி 11-இல்' என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் தொப்பிக்காரரைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

"பன்னண்டாம் தாள் ஓரத்தை நீ ஏன்யா நடக்கல?"

"எந்த ஓரம்?"

"கால்வாய் வளையுற இடம்."

தொப்பிக்காரர் ஒரு படி இறங்கி நின்றார். "அது உங்க அக்கா வீட்டுப் பின்பக்கம்ல. நான் போய்ச் சக்கரத்தை உருட்டினா நல்லாவா இருக்கும்? தம்பி இருக்கான், அவனே பக்குவமாப் பேசிப் பாத்துப்பான்னு விட்டேன்."

"என்னால போக முடியாதுன்னு தெரிஞ்சு நீயே போவேன்னு நான் விட்டேன்."

"நல்லா விட்டோம் போ" என்றார் தொப்பிக்காரர். "நாலு வருஷமா ஒருத்தனுக்கொருத்தன் மரியாதை பண்ணியிருக்கோம்."

சக்கரத்துக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது.

அக்காவோடு பேச்சு நின்று பத்தொன்பது வருஷம் ஆகிறது. சுற்றுச்சாலை போட்டபோது நடந்தது. அக்கா வீட்டின் முன்னறையில் அத்தான் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். சாலைக்கு நான்கு மீட்டர் தேவைப்பட்டது. அந்த நான்கு மீட்டரும் அந்த முன்னறையும் ஒன்று. முளை அடித்தது சக்கரம். வரைபடம் யாரோ போட்டது, இவர் வெறும் அடிக்கிற கை. ஆனால் அந்த வரைபடம் மூன்று வாரமாக இவர் பையில்தான் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அறிவிப்பு வரும் முன் வெளியே சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. சொல்லவில்லை. முளை அடிக்க ஆட்களோடு போய் நின்ற அன்றுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அத்தான் கடை போய், ஒரு கிடங்கில் காவலாளி ஆனார். முன்பக்கம் வெட்டுப்பட்ட வீட்டுக்குப் புதுச்சுவர் எழுப்பிக்கொண்டு அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டை அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் மனைவி.

"வெள்ளிக்கிழமை பாஸ் ஆயிடும். ஒரு மாசத்துல ஆள் வரும். படத்துல கோடு இருக்கும், அவங்க பாட்டுக்கு வேலியப் பிரிப்பாங்க."

"மறுபடியும் உங்க அக்காவுக்குக் கடைசியாத்தான் தெரியும்."

"ஆமா."

மனைவி ஒரு சட்டையை மடித்து வைத்தார். "அப்ப நாளைக்கே போயிட்டு வாங்க. திட்டுவாங்க. வாங்கிக்குங்க. பத்தொம்பது வருஷமாத் திட்டாம இருக்காங்களே, அதைவிட அது தேவல."

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். சக்கரத்தை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று வாசல் வரை வந்து இரண்டு தடவை யோசித்தார். கடைசியில் எடுத்துக்கொண்டார். வேலையாகப் போகும்போது சொந்தமாகப் போவதுபோல் நடிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

சுற்றுச்சாலையில் இறங்கி நடக்கத்தான் வேண்டியிருந்தது. ஓரம் என்று ஒன்று இல்லை. லாரிகள் சட்டையை இழுத்துக்கொண்டு போயின. அக்கா வீட்டுக் கதவு இப்போது சாலையிலிருந்து ஆறு எட்டில் இருந்தது. எழுபத்திரண்டில் ஆறு இல்லை, அறுபத்தெட்டில் ஆறு.

அக்காதான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இந்தத் தடவை எவ்வளவு?" என்றார்.

"இன்னும் அளக்கலக்கா. சொல்லிட்டு அளக்கலாம்னு வந்தேன்."

"பரவாயில்ல, முன்னேறியிருக்க." கதவை விட்டு நகர்ந்தார். "அதை வெளியிலயே வெச்சுட்டு வா. உள்ள உருட்டினா தரை கெட்டுப்போகும்."

உள்ளே ஒரே அறை. ஒருபக்கம் தையல் இயந்திரம், அதன் மேல் மூடி போட்ட பாத்திரங்கள். லாரி போகும்போதெல்லாம் மூடிகள் கிணுகிணுத்தன. அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஏரி, ரயில் பாதை, இருபத்து மூன்று தாள், தொப்பிக்காரர், இரண்டு விரல் அகலம், வெள்ளிக்கிழமை என்று எல்லாவற்றையும். இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

"முன்னூத்து எழுபதுல முன்னூத்து முப்பது கால்வாய்க்கரைதான்க்கா, சர்க்கார் இடம். வளைவுல மட்டும் கரை இடிஞ்சு தண்ணிக்குள்ள போயிடுச்சு. எதிர்ப்பக்கம் தொழிற்சாலைச் சுவர். வேற வழியில்ல. உன் பின்பக்கம் நாப்பது மீட்டர் வேணும்."

"அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு விதி."

"இன்னிக்கு விதி மாறிடுச்சா?"

"இல்ல. அதேதான்."

அக்கா டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். "உன் அத்தான் இன்னிக்கும் சொல்றது என்ன தெரியுமா? உன் தம்பி முளையை நகத்தியிருக்கலாம்பார். முளையை நீ நகத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும். வாயைத் தொறந்திருக்கலாம். மூணு வாரம் இருந்தா சாமானையாவது ஒழுங்கா எடுத்து வெச்சிருப்போம். அவர் அவசரத்துல அள்ளிப் போட்டதுல பாதி துரு ஏறிப் போச்சு." எழுந்தார். "பின்னால வா."

பின்கதவைத் திறந்ததும் சக்கரம் நின்றுவிட்டார். அவர் எதிர்பார்த்தது புதரும் துணிக்கொடியும். அங்கே நடுவில் ஒரு தடம் போனது. சரளை கொட்டி, கெட்டியாக மிதிபட்ட தடம். ஒருபக்கம் வீட்டுச் சந்தில் புகுந்து வளைவுக்கு அப்பால் கரைக்குப் போனது, மறுபக்கம் கால்வாய்க்கரையில் ஒரு மரக்கதவில் முடிந்தது. கதவு திறந்திருந்தது. அதன் மேல் ஒரு தகரத்தில், 'இறங்கவும்.'

"இது என்னக்கா?"

"என்னன்னா? நீங்க போட்ட ரோட்டுல மனுஷன் நடக்க முடியுதா? ஆஸ்பத்திரியில கூட்டித் துடைக்கிற பொண்ணு ஒருத்தி. லாரிக் கண்ணாடி இடிச்சுக் கை முறிஞ்சு, கட்டோட வந்து நின்னா. உங்க பின்பக்கமாப் போயிக்கட்டுமான்னு கேட்டா. போயிட்டு வாடின்னேன். மறுநாள் கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா. இப்ப எத்தனை பேர்னு தெரியல. காலைல அஞ்சரைக்குத் திறப்பேன், சாயங்காலம் ஏழுக்குப் பூட்டுவேன். சைக்கிள்ல வந்தா இறங்கித் தள்ளிட்டுப் போகணும். அது அவர் போட்ட சட்டம்."

"சரளை?"

"அதுவும் அவர்தான். கிடங்குல மிச்சம் கிடந்ததை வாளி வாளியாக் கொண்டாந்தார்."

அப்போதே ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கதவுக்குள் வந்தாள். "வரேன்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனாள். நின்றுகொண்டிருந்த மனிதரை ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை.

பதினோரு வருஷமாக மாவட்டம் முழுக்கத் துண்டு துண்டாகத் தேடியது அவருக்கு முன்னால் கிடந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கால் வலித்தது. கதவுக் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப நீ குடுத்துட்டியேக்கா. இதையே எழுத்துல குடுத்தா முடிஞ்சுது."

"நான் வழி விட்டிருக்கேன். இடம் விடல."

"பேப்பர்ல ரெண்டும் ஒண்ணுதான்."

"உன் பேப்பர்ல ஒண்ணா இருக்கலாம். வழி விட்டா, தினமும் நான் விடுறேன். இடத்தை விட்டுட்டா அப்புறம் நான் விடுறதுக்கு என்ன இருக்கு? முன்னால ஒரு தடவை எடுத்துக்கிட்டாங்க. பின்னால உள்ளது என் கையால திறக்கிறதா இருக்கட்டும்." குரல் உயரவே இல்லை. "நீ கேட்ட, நான் சொல்லிட்டேன். அளக்கணும்னா அளந்துக்க. சாப்பிட்டுட்டுப் போ."

அளந்தார். முப்பத்தொன்பது மீட்டர் எழுபது. சாப்பிட்டார். அத்தான் வேலையிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தில் ஒரு வரைபடத்துக்கு இரண்டு வகைக் கோடுதான். முழுக்கோடு என்றால் வழி இருக்கிறது, பொதுவுடையது. புள்ளிக்கோடு என்றால் இனி எடுக்கப் போகிறோம். புள்ளி வைத்துவிட்டால் வீட்டுக்காரருக்கு அறிவிப்பு தானாகப் போகும். அக்கா சொன்னதற்குக் கோடு கிடையாது.

வியாழக்கிழமை அதிகாரி அம்மா அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சார், அறுபத்திரண்டு கிலோமீட்டர். அதுல நாப்பது மீட்டர். புள்ளி வெச்சுடுங்க. எடுக்க எப்படியும் ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள பேசிக்கலாம்."

"புள்ளி வெச்சா நோட்டீஸ் போகும், மேடம்."

"போகட்டுமே. ஆட்சேபணை சொல்ல இடம் இருக்கே."

"நேத்தே சொல்லிட்டாங்க. அப்புறமும் புள்ளி வெச்சா நான் கேட்டதுக்கு அர்த்தம் இல்ல."

"முழுக்கோடு?"

"அது பொய்."

அதிகாரி அம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "உங்க அக்கா வீடுங்கறதாலதான் மறிக்கறீங்கன்னு சொல்வாங்க. உங்களுக்கு இன்னும் பத்து மாசம்தான் சர்வீஸ் இருக்கு. இந்தத் திட்டம் முடியறதைப் பாக்காம போவீங்க."

"சொல்லட்டும் மேடம், உண்மைதானே. வேற யார் வீடா இருந்தாலும் கேக்கணும்னே எனக்குத் தோணியிருக்காது. அது இன்னும் அசிங்கம்."

அவர் வெட்கப்பட்டே சொன்னார். அதிகாரி அம்மா தாளை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "நாளைக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார். அதை அனுமதி என்று சக்கரம் எடுத்துக்கொண்டார்.

கணினி ஒட்டியிருந்த கோட்டை இரண்டு முனையிலும் அறுத்துவிட்டார். நடுவில் வெள்ளையாக விட்டு, கதவுக்கு வீட்டு வரைபடத்தில் போடுகிற சின்னக் கால்வட்டம் ஒன்று போட்டார். பக்கத்தில் பொடி எழுத்தில்: 'தனியார் இடம். கதவு காலை 5.30 முதல் மாலை 7.00 வரை திறந்திருக்கும். சைக்கிளில் வருவோர் இறங்கவும்.'

குழுக்கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஒன்றே கால் மணி நேரம் வரை யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கடைசியில் குழுத்தலைவர் குனிந்து பார்த்தார்.

"இங்க என்ன, கோடு அழிஞ்சிருக்கு?"

"அழியலைங்க. அங்க ஒரு கதவு இருக்கு."

"யார் திறப்பாங்க?"

"எங்க அக்கா."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை.

"உங்க அக்கா வெளியூர் போனா?"

"அத்தான் திறப்பாருங்க."

"ரெண்டு பேரும் போனா?"

சக்கரம் யோசித்தார். யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார், அது அவர் சுபாவம். "தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன்."

முடிவு மத்தியானம் வந்தது. வடக்குத் துண்டுக்கு ஒப்புதல். தெற்குத் துண்டுக்கு ஒப்புதல். நடுப்பகுதி, இருபுறமும் ஐந்து ஐந்து கிலோமீட்டரோடு, மறு ஆய்வுக்கு. அதாவது இன்னொரு வருஷம். அதைச் சொல்லத்தான் அத்தனை பேர் கூடியிருந்தார்கள். எழுத்தர் திட்டப் புத்தகத்தின் அட்டையில் 'இணைந்த நடைவழித் திட்டம்' என்று இருந்ததில் 'இணைந்த' என்ற சொல்லின் மேல் வெள்ளை மை தடவி ஊதினார். தொப்பிக்காரர் வந்து பக்கத்தில் நின்று, "பதினோரு வருஷத்தை ரெண்டு விரலால அமுக்கிட்ட" என்றார். ஆறுதலா குத்தலா என்று அவருக்கே தெரியாத குரல். சக்கரம் தாள்களைச் சுருட்டி உறையில் போட்டார். இருபத்து மூன்றையும் போட்டு முடிக்க நேரம் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். கேட்டுச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. பின்பக்கம் அத்தான் மரக்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதவு மழைக்கு ஊதி நிலைக்கட்டையில் இறுகியிருந்தது. அத்தான் மைத்துனரைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். சக்கரம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவின் மறுமுனையைப் பிடித்தார்.

"மேல தூக்கு" என்றார் அத்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

தூக்கினார். முழங்கால் சுருக்கென்றது. கதவு கீலிலிருந்து கழன்று வந்தது. இருவரும் அதைத் தரையில் சாய்த்து, இழைப்புளியால் அடிப்பக்கத்தைச் சீவத் தொடங்கினார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் இழுக்க, பிறகு மாற்றிக்கொண்டு. மரச்சீவலும் மூச்சிரைப்பும் மட்டும்.

"நீங்க ரெண்டு பேரும் வெளியூர் போனா கதவை யார் திறப்பாங்கன்னு குழுவுல கேட்டாங்க" என்றார் சக்கரம், நிமிராமலே.

"நாங்க எங்க வெளியூர் போனோம்?" என்றார் அத்தான். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். "கேட்டவங்களையே வந்து திறக்கச் சொல்லு."

கரைப் பக்கமிருந்து ஒரு பெண் சைக்கிளோடு வந்தாள். தரையில் கிடந்த கதவையும், அதன் மேல் குனிந்திருந்த இரண்டு கிழவர்களையும் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"இன்னிக்கு வழி இல்லையாங்க?"

"வழி இருக்கும்மா" என்றார் அத்தான். "கதவுதான் இல்ல. இறங்கிப் போ."